கிரிப்டோ காயின்களுக்கு ஒரு பூட்டு: ஹார்ட்வேர் வாலட்

2024 ஜனவரியில் ஒருவர் சென்னையில் உள்ள தன் வங்கிக் கணக்கிலிருந்து 1,98,516 ரூபாய் செலுத்தி, வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின்களை வாங்கினார். அதே ஆண்டு ஜூலை 18ஆம் தேதி அந்த எக்ஸ்சேஞ்சில் ஹேக்கர்கள் புகுந்து சுமார் 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள காயின்களைத் திருடிக் கொண்டு போனார்கள். திருடு போனவை ஈதரியம் நெட்வொர்க்கைச் சேர்ந்த காயின்கள். இவருடைய எக்ஸ்ஆர்பி காயின்களை யாரும் திருடவில்லை. ஆனாலும் எல்லோருடைய கணக்குகளையும் போலவே இவருடைய கணக்கும் முடக்கப்பட்டது. காயின் திரையில் தெரிந்தது, கைக்கு வரவில்லை.

அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோ காயின் என்பது கையால் தொடக்கூடிய பொருள் அல்ல, பணமும் அல்ல. ஆனால் அது ஒரு சொத்து, ஒருவர் வைத்திருந்து அனுபவிக்கக் கூடிய சொத்து என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பும் கிடைத்தது. இந்திய நீதிமன்றங்களில் இது முக்கியமான தீர்ப்பு.

சரி, சொத்து என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. அந்தச் சொத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்விக்கான விடைதான் ஹார்ட்வேர் வாலட். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் புரிந்து கொள்ளும்படி இதை முதலிலிருந்து பார்ப்போம். காயின் வாங்குங்கள் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதை எப்படிக் காப்பாற்றிக் கொள்வது என்பதைத்தான் சொல்கிறது.

வாலட்டுக்குள் காயின் இல்லை

வாலட் என்றதும் பர்ஸ் நினைவுக்கு வரும். பர்ஸுக்குள் பணம் இருப்பது போல வாலட்டுக்குள் காயின் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. காயின்கள் எப்போதும் இருப்பது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்குப் புத்தகத்தில். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் அந்தப் புத்தகத்தின் பிரதிகள் இருக்கின்றன. இந்த முகவரியில் இத்தனை காயின் என்று அதில் எழுதியிருக்கும்.

அந்த முகவரியிலிருந்து காயினை இன்னொரு முகவரிக்கு மாற்ற ஒரு ரகசிய எண் வேண்டும். இதற்குப் பெயர் பிரைவேட் கீ. தமிழில் அந்தரங்கச் சாவி என்று சொல்லலாம். இந்த எண்ணை வைத்து ஒரு டிஜிட்டல் கையெழுத்துப் போட்டால்தான் காயின் நகரும். எனவே வாலட் என்பது சாவிக் கொத்து. சாவி யாரிடம் இருக்கிறதோ அவருடைய பேச்சைத்தான் பிளாக்செயின் கேட்கும். அதற்கு உங்கள் பெயர் தெரியாது, ஆதார் எண் தெரியாது, முகமும் தெரியாது.

நீங்கள் எக்ஸ்சேஞ்சில் காயின் வாங்கி அங்கேயே விட்டு வைத்தால் சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அந்த வெப்சைட்டின் யூசர் நேமும் பாஸ்வேர்டும்தான். அந்த நிறுவனம் திறந்து விட்டால்தான் காயின் வரும். வங்கியில் போட்ட பணமும் இப்படித்தானே என்று கேட்கலாம். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பும் உண்டு. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் காயினுக்கு அந்த இன்சூரன்ஸ் இல்லை.

சாவியை நீங்களே வைத்துக் கொள்ள இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ நிறுவிக் கொள்ளும் சாப்ட்வேர் வாலட். இது இலவசமாகவே கிடைக்கும். ஆனால் சாவி உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால், திருட்டு சாப்ட்வேர் நிறுவும்போது ட்ரோஜன் ஒட்டிக் கொண்டு வந்தால், சாவி போய்விடும். இரண்டாவது வழி ஹார்ட்வேர் வாலட்.

உள்ளே என்ன நடக்கிறது?

பார்ப்பதற்கு பென் டிரைவ் போல இருக்கும். ஒரு சின்னத் திரையும் ஒன்றிரண்டு பட்டன்களும் இருக்கும். சில மாடல்களில் டச் ஸ்கிரீன் உண்டு. செக் நாட்டு நிறுவனமான சடோஷிலேப்ஸ் 2014இல் ட்ரெஸர் என்ற பெயரில் இத்தகைய கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிரான்ஸ் நாட்டின் லெட்ஜர் நிறுவனமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டதுதான். இந்திய நிறுவனமான சைஃபராக்கும் இந்தக் கருவியைத் தயாரிக்கிறது.

பென் டிரைவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பென் டிரைவில் உள்ள ஃபைலை கம்ப்யூட்டர் காப்பி செய்ய முடியும். ஹார்ட்வேர் வாலட்டில் உள்ள சாவியை கம்ப்யூட்டரால் காப்பி செய்ய முடியாதபடி அமைத்திருக்கிறார்கள். நடப்பது இதுதான்:

நீங்கள் கம்ப்யூட்டரில் "இந்த முகவரிக்கு இத்தனை காயின் அனுப்பு" என்று ஒரு கோரிக்கையைத் தயார் செய்கிறீர்கள். அது யுஎஸ்பி கேபிள் வழியாகக் கருவிக்குள் போகிறது. கருவி தன் சின்னத் திரையில் முகவரியையும் தொகையையும் காட்டுகிறது. சரி என்று நீங்கள் கருவியின் பட்டனை அழுத்தினால், கருவி உள்ளேயே கையெழுத்துப் போட்டு, கையெழுத்தை மட்டும் கம்ப்யூட்டருக்குத் திருப்பி அனுப்புகிறது. சாவி வெளியே வருவதில்லை.

வீட்டு எஜமானர் மாடியில் இருக்கிறார், வேலையாள் காகிதத்தை மேலே கொண்டு போய்க் கையெழுத்து வாங்கி வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வேலையாள் கையில் முத்திரை மோதிரத்தைக் கொடுப்பதில்லை. கம்ப்யூட்டர்தான் அந்த வேலையாள். அதில் வைரஸ் இருந்தாலும் மோதிரம் மாடியில் பத்திரமாக இருக்கும். ஆனால் ஒன்று. எஜமானர் காகிதத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

படிக்காமல் போட்ட கையெழுத்து

வாசிர்எக்ஸ் திருட்டில் நமக்குப் பாடம் இங்கேதான் இருக்கிறது. அந்த நிறுவனம் அலட்சியமாக ஏதோ ஒரு கம்ப்யூட்டரில் சாவியை வைத்திருக்கவில்லை. திருடு போன வாலட்டில் காயினை எடுக்க ஒரு கையெழுத்து போதாது. மொத்தம் 6 பேருக்கு அதிகாரம்: வாசிர்எக்ஸ் தரப்பில் 5 பேர், லிமினல் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தரப்பில் ஒருவர். வாசிர்எக்ஸின் 3 பேரும் அதன் பிறகு லிமினலும் சம்மதித்தால்தான் காயின் நகரும். அந்த 3 பேரும் லெட்ஜர் ஹார்ட்வேர் வாலட்டை வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்று வாசிர்எக்ஸே தெரிவித்தது.

பிறகு எப்படித் திருடு போனது? கம்ப்யூட்டர் திரையில் காட்டப்பட்ட விவரம் ஒன்று, உண்மையில் கையெழுத்தான விவரம் வேறு என்று வாசிர்எக்ஸ் சொன்னது. தங்கள் அமைப்பில் யாரும் புகவில்லை என்று லிமினல் மறுத்தது. யார் பக்கம் தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டவர்கள் தாங்கள் நினைத்ததற்குக் கையெழுத்துப் போடவில்லை என்பது மட்டும் தெளிவு. இந்தத் திருட்டுக்கு வட கொரியாதான் காரணம் என்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. அடுத்த மாதமே பைபிட் என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் இதே பாணியில் போனது.

வாசிர்எக்ஸ் வாடிக்கையாளர்கள் சிங்கப்பூர் நீதிமன்ற நடவடிக்கைகள் முடிந்து, 2025 அக்டோபர் 24 வரை காத்திருந்த பிறகுதான் எக்ஸ்சேஞ்ச் மறுபடியும் செயல்படத் தொடங்கியது. ஒரு ஆண்டும் மூன்று மாதமும். மகள் கல்யாணத்துக்கோ வீட்டு அட்வான்ஸுக்கோ என்று ஒதுக்கி வைத்த தொகையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். சாவி உங்களிடம் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் கருவியின் திரையைப் படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரை என்ன சொன்னாலும் கருவியின் திரை சொல்வதைத்தான் நம்ப வேண்டும். சில சமயம் கருவி முழு விவரத்தைக் காட்டாமல், புரியாத எண்களையும் எழுத்துகளையும் மட்டும் காட்டி அனுமதி கேட்கும். இதற்கு பிளைண்ட் சைனிங் என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு பத்திரத்தில் கைநாட்டு வைப்பது போலத்தான். வீட்டு உபயோகத்தில் காயினை வாங்கி வைத்து, தேவைப்படும்போது அனுப்புபவருக்கு இந்த வசதி தேவையே இல்லை. செட்டிங்ஸில் அதை ஆன் செய்யாமல் விட்டுவிடுங்கள்.

எங்கே வாங்குவது?

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து ரிச்சி தெரு ஒன்றும் தூரமில்லை. மவுஸ், கீபோர்டு, ரேம் வாங்க அதைவிட நல்ல இடம் ஏது? பேரம் பேசலாம், செகண்ட் ஹேண்டிலும் வாங்கலாம். ஆனால் ஹார்ட்வேர் வாலட்டை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். பெட்டி பிரித்ததையும் வாங்காதீர்கள். ஆன்லைனில் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று முகம் தெரியாத விற்பனையாளரிடமும் வாங்காதீர்கள். தயாரிப்பு நிறுவனத்தின் வெப்சைட்டில் வாங்குங்கள். அல்லது அந்த வெப்சைட்டிலேயே பெயர் போட்டிருக்கும் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

காரணம் எளிமையானது. பூட்டை விற்பவன் ஒரு டூப்ளிகேட் சாவியைத் தன்னிடம் வைத்துக் கொண்டு விற்றால் என்ன பயன்? பெட்டிக்குள் ஏற்கெனவே ரகசியச் சொற்கள் அச்சிட்ட அட்டை இருந்தாலோ, கருவியில் முன்கூட்டியே பின் நம்பர் போட்டிருந்தாலோ அது மோசடி. அதில் ஒரு ரூபாய் மதிப்புள்ள காயினைக்கூடப் போடாதீர்கள். ரகசியச் சொற்களைக் கருவி உங்கள் கண் முன்னால் புதிதாக உருவாக்கித் தர வேண்டும்.

இன்னொரு செய்தியும் தெரிந்திருக்கட்டும். 2020இல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் திருடு போனது. காயின்கள் போகவில்லை. ஆனால் சுமார் 2,72,000 பேரின் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் வெளியாகிவிட்டன. அடுத்த ஆண்டு அவர்களில் சிலருடைய வீட்டுக்கே "உங்கள் பழைய கருவியை மாற்றிக் கொள்ளுங்கள்" என்ற கடிதத்துடன் போலிக் கருவிகள் பார்சலில் வந்தன. நீங்கள் கேட்காமல் வரும் கருவி எதுவாக இருந்தாலும் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள்.

தயார் செய்வது எப்படி?

கருவிக்குக் கருவி மெனு கொஞ்சம் மாறும். வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. தயாரிப்பு நிறுவனத்தின் வெப்சைட் முகவரியைப் பெட்டியில் உள்ள தாளைப் பார்த்து நீங்களே டைப் செய்யுங்கள். கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்யாதீர்கள். போலித் தளங்கள் விளம்பரமாகவும் வருவதுண்டு.

2. அங்கிருந்து சாப்ட்வேரை டவுன்லோட் செய்து நிறுவுங்கள். ட்ரெஸருக்கு ட்ரெஸர் சூட். லெட்ஜருக்கு, முன்பு லெட்ஜர் லைவ் என்ற பெயரில் வந்த சாப்ட்வேர்.

3. கருவியை யுஎஸ்பி கேபிளால் இணையுங்கள். கருவி ஒரிஜினல்தானா என்று சாப்ட்வேர் சோதிக்கும். ஃபர்ம்வேர் அப்டேட் கேட்டால் செய்து கொள்ளுங்கள்.

4. புதிய வாலட் உருவாக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின் நம்பர் கேட்கும். பிறந்த தேதி, வண்டி நம்பர், 1234 இவையெல்லாம் வேண்டாம். லெட்ஜரில் 3 முறையும் ட்ரெஸரில் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டியும் தவறான பின் நம்பர் கொடுத்தால் கருவி தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். திருடன் கையில் கிடைத்தாலும் முயன்று பார்க்க முடியாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

5. இப்போது கருவியின் திரையில் ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றாக வரும். கருவியைப் பொறுத்து 12, 20 அல்லது 24 சொற்கள் இருக்கும். அவற்றை வரிசை எண்ணோடு தாளில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் சரியாக எழுதினீர்களா என்று கருவி திருப்பிக் கேட்கும்.

6. பெரிய தொகையை மாற்றும் முன் ஒரு ஒத்திகை பாருங்கள். மிகச் சிறிய தொகையை அனுப்புங்கள். பிறகு கருவியை ரீசெட் செய்து, தாளில் உள்ள சொற்களைக் கருவியிலேயே கொடுத்து மீட்டெடுங்கள். அந்தச் சிறிய தொகை மறுபடியும் தெரிந்தால் நீங்கள் எழுதியது சரி. பரீட்சைக்கு முன் பேனாவை எழுதிப் பார்ப்பது போல, இந்த அரை மணி நேரம் பின்னால் பெரிய மன நிம்மதியைத் தரும்.

அந்தச் சொற்கள்தான் சொத்து

கருவி தொலைந்தால் காயினும் போச்சா என்று பலரும் கேட்பார்கள். இல்லை. கருவி உடைந்தாலும் தொலைந்தாலும் புதிய கருவி வாங்கி அந்தச் சொற்களைக் கொடுத்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். இந்த முறைக்கு 2013இல் ஒரு பொதுவான தரத்தை வகுத்தார்கள். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்துதான் இவை எடுக்கப்படுகின்றன. 12, 24 சொற்கள் தரும் பெரும்பாலான கருவிகள் இதைப் பின்பற்றுவதால், ஒரு கம்பெனி மூடிப் போனாலும் இன்னொரு கம்பெனியின் கருவியில் மீட்டுக் கொள்ளலாம். 12 சொற்களுக்கே எத்தனை விதமான வரிசைகள் சாத்தியம் தெரியுமா? 340 என்று எழுதி அதன் பின்னால் 36 பூஜ்யங்கள் போட்டுக் கொள்ளுங்கள். ஊகித்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஆனால் ஊகிக்கத் தேவையில்லாமல் நீங்களே காட்டிவிட்டால்? சொற்களைப் பார்த்தவர் காயினின் சொந்தக்காரர் ஆகிவிடுவார். கருவியும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். அதனால் சில விதிகள்:

சொற்களை மொபைலில் போட்டோ எடுக்காதீர்கள். போட்டோ தானாகவே இன்டர்நெட்டில் பேக்கப் ஆகிவிடும். வேர்டு ஃபைலில் டைப் செய்யாதீர்கள். ஈமெயிலில் உங்களுக்கே அனுப்பிக் கொள்ளாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்கோ லேமினேஷன் கடைக்கோ கொண்டு போகாதீர்கள். கம்ப்யூட்டரின் கீபோர்டில் அந்தச் சொற்களை எந்த நிலையிலும் டைப் செய்யாதீர்கள்.

ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்க வேண்டாம். பிறகு படிக்கும்போது ஸ்பெல்லிங் எது என்று குழப்பம் வரும். ஆங்கிலத்திலேயே பெரிய எழுத்துகளில் தெளிவாக எழுதுங்கள். பட்டியலில் உள்ள எந்த இரண்டு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. ஆகவே முதல் நான்கு எழுத்துகளாவது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

சென்னைவாசிகள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை வீடுகளில் பீரோவுக்குள் இருந்த சர்டிபிகேட்டுகளும் பத்திரங்களும் ஊறிப் போயின! அப்போது அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் கொடுத்தது. ரேஷன் கார்டுக்கு நகல் உண்டு, மதிப்பெண் பட்டியலுக்கு நகல் உண்டு. இந்தச் சொற்களுக்கு நகல் கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. தயாரிப்பு நிறுவனத்துக்கும் அவை தெரியாது. ஜெல் பேனா மை தண்ணீர் பட்டால் கலங்கிவிடும். பால்பாயின்ட் பேனாவில் எழுதி, காற்றுப் புகாத கவரில் போட்டு, உயரமான இடத்தில் வையுங்கள்.

இதைவிட நல்லது எஃகுத் தகடு. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோமே, அதேபோலத் தகட்டில் எழுத்துகளைப் பதித்து வைக்கலாம். தண்ணீரும் நெருப்பும் எளிதில் ஒன்றும் செய்யாது. இதற்கென்றே தகடும் பதிக்கும் கருவியும் சேர்த்து விற்கிறார்கள். ஆனால் பாத்திரக் கடைக்காரரிடம் கொடுத்து வெட்டச் சொல்லாதீர்கள்! வீட்டில் நீங்களே பதித்துக் கொள்ளுங்கள். இரண்டு பிரதிகள் இருப்பது நல்லது: ஒன்று வீட்டில், இன்னொன்று வங்கி லாக்கரில் அல்லது முழுக்க நம்பும் ஒருவர் வீட்டில். கருவியும் சொற்களும் ஒரே டிராயரில் இருக்க வேண்டாம். 24 சொற்களில் பாதியை ஒரு இடத்திலும் மீதியை இன்னொரு இடத்திலும் வைப்பதைப் புத்திசாலித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரு பாதி தொலைந்தால் மொத்தமும் போய்விடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

காயினை எப்படி மாற்றுவது?

முதலில் உங்கள் எக்ஸ்சேஞ்ச் காயினை வெளியே அனுப்ப அனுமதிக்கிறதா என்று பாருங்கள். எல்லா எக்ஸ்சேஞ்சிலும் எல்லாக் காயினுக்கும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. காயின் வாங்கும் முன்பே இதைப் பார்த்துக் கொள்வது நல்லது.

உங்கள் வாலட் சாப்ட்வேரில் ரிசீவ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஒரு நீண்ட முகவரி வரும். அதே முகவரி கருவியின் திரையிலும் வரும். இரண்டும் ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு காப்பி செய்து எக்ஸ்சேஞ்சில் பேஸ்ட் செய்யுங்கள். பேஸ்ட் செய்த பிறகு மறுபடியும் ஒப்பிடுங்கள். காப்பி செய்த முகவரியை நடுவில் தன் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் இருக்கின்றன. முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் மட்டும் பார்த்தால் போதாது. அவை ஒத்துப் போகும்படி போலி முகவரி உருவாக்கவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முழுவதையும் பாருங்கள்.

அடுத்து நெட்வொர்க். ஒரே காயின் பல நெட்வொர்க்குகளில் இருக்கலாம். இரு பக்கமும் ஒரே நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சைதாப்பேட்டை என்று எழுத வேண்டிய இடத்தில் ராயப்பேட்டை என்று எழுதினால் தபால்காரர் திருப்பிக் கொண்டு வருவார். இங்கே திருப்பிக் கொண்டு வர ஆள் இல்லை. எக்ஸ்ஆர்பி போன்ற சில காயின்களைத் திரும்ப எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு டேக் என்ற எண்ணையும் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் காயின் யாருடையது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது.

முதலில் சிறிய தொகை, அது வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகு மீதித் தொகை. இரண்டு முறை கட்டணம் ஆகுமே என்று தயங்காதீர்கள்.

வரி விஷயத்தையும் மறந்துவிட வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. அதே ஆண்டு ஜூலை 1 முதல் விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. கருவிக்கு மாற்றிவிட்டதால் கணக்கிலிருந்து மறைந்துவிடாது. எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கினீர்கள், எப்போது மாற்றினீர்கள் என்ற விவரங்களை ஒரு நோட்டிலோ எக்ஸெல் ஃபைலிலோ குறித்து வையுங்கள்.

போனில் வரும் திருடன்

ஹார்ட்வேர் வாலட்டை உடைத்துத் திருடுவது கஷ்டம். உங்களிடமே கேட்டு வாங்குவது சுலபம். "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் வாலட் முடங்கப் போகிறது, 24 சொற்களைச் சரிபார்க்க வேண்டும்" என்று போன் வரும், ஈமெயில் வரும், தபாலும் வரும். ஓடிபி கேட்டு வரும் போன் மாதிரிதான் இதுவும். எந்தக் கம்பெனியும் அந்தச் சொற்களைக் கேட்காது. கேட்பவர் திருடர். இதில் விதிவிலக்கே கிடையாது.

மாதம் இத்தனை சதவீதம் லாபம் என்று ஆசை காட்டிப் பணம் கேட்பவர்களிடமிருந்தும் இந்தக் கருவி உங்களைக் காப்பாற்றாது. நீங்களே சரி என்று பட்டனை அழுத்தி அனுப்பினால் அது போகத்தான் செய்யும். வங்கிப் பணமாக இருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்து, பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. காயினுக்கும் அங்கே புகார் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் பிளாக்செயினில் எழுதியதை அழிக்க யாராலும் முடியாது.

வீட்டில் யாருக்குத் தெரியும்?

கடைசியாக ஒரு சங்கடமான கேள்வி. நாளை உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

வங்கிக் கணக்குக்கு நாமினி உண்டு. எல்ஐசி பாலிசிக்கு நாமினி உண்டு. ஹார்ட்வேர் வாலட்டுக்கு நாமினி ஃபாரம் கிடையாது. 2018 டிசம்பரில் கனடா நாட்டு எக்ஸ்சேஞ்சான குவாட்ரிகாவின் நிறுவனர் ஜெய்ப்பூருக்கு வந்திருந்தபோது இறந்து போனார். சாவிகள் அவருக்கு மட்டுமே தெரியும் என்று நிறுவனம் அறிவித்தது. பிறகு விசாரித்ததில், பணத்தின் பெரும் பகுதியை அவர் முன்பே மோசடியாகக் கரைத்திருந்தது தெரிய வந்தது. ஆனாலும் ஒரே ஆளிடம் சாவி இருந்தால் என்ன ஆகும் என்று உலகமே அன்று யோசித்தது. மோசடியே இல்லாத ஒரு நல்ல குடும்பத்திலும் இது நடக்கலாம். அப்பா பீரோவில் பென் டிரைவ் மாதிரி ஏதோ வைத்திருந்தார், வேலை செய்யவில்லை என்று பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்கள்.

எனவே ஒரு தாளில் எளிய தமிழில் எழுதுங்கள். இப்படி ஒரு கருவி இருக்கிறது, இது எதற்கு, சொற்கள் எங்கே இருக்கின்றன, யாரிடம் உதவி கேட்கலாம், யார் கேட்டாலும் சொற்களைக் காட்டக் கூடாது. அந்தத் தாளில் சொற்களை எழுத வேண்டாம். மனைவியிடமோ கணவரிடமோ வயது வந்த பிள்ளையிடமோ அந்தத் தாள் இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து கருவியை எப்படித் திறப்பது என்று காட்டியும் கொடுங்கள். கிரிப்டோ ஒரு சொத்து என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருப்பதால் வாரிசுகள் அதற்கு உரிமை கோர முடியும். ஆனால் சொற்கள் இல்லாமல் அந்த உரிமையை வைத்துக் கொண்டு ஒரு காயினைக்கூட நகர்த்த முடியாது.

உங்களுக்கு இது தேவையா?

ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குச் சும்மா வாங்கிப் பார்த்தவர்களுக்கு இந்தச் செலவு தேவையில்லை. கருவியின் விலை காயினைவிட அதிகமாகிவிடும். தினமும் வாங்கி விற்பவர்களும் அதற்கு வேண்டியதை எக்ஸ்சேஞ்சிலேயே வைத்திருப்பார்கள். போனால் மனசு கஷ்டப்படும் என்ற அளவுக்குத் தொகை இருந்து, வருடக் கணக்கில் வைத்திருக்கும் எண்ணமும் இருந்தால் ஹார்ட்வேர் வாலட் அவசியம்.

ஒரு தாளைத் தொலைக்காமல் வைத்திருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். கேஸ் கனெக்ஷன் புத்தகத்தை மாதா மாதம் தேடுபவராக இருந்தால், முதலில் வீட்டுக் காகிதங்களை ஒழுங்காக வைக்கும் பழக்கத்தைக் கொண்டு வாருங்கள். கருவியைப் பிறகு வாங்கிக் கொள்ளலாம்.